அம்மாவின் முட்டி ஆபரேஷனுக்கு வாங்கியதும் வாடகைக்கு எடுத்ததும்: எது உதவியது, எது வீண்

ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அழைத்து வந்தோம். வலது முட்டியை மாற்றி ஐந்தாம் நாள். காரிலிருந்து இறங்கி, வாக்கரைப் பிடித்து, வாசலில் இரண்டு படி ஏறி, கூடத்தைத் தாண்டி ஒரு வழியாகப் பாத்ரூம் வாசல் வரை வந்துவிட்டார். அங்கே வாக்கர் நின்றுவிட்டது. எங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவு 2 அடிதான், அதிலும் திறந்த கதவு நிலையில் கொஞ்சம் இடத்தை எடுத்துக்கொள்ளும். வாக்கரை விரித்தால் கால் பக்கம் 24 அங்குலம். "இப்போ என்னடி பண்றது" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கட்டில், தலையணை, மருந்து டப்பா, சத்துமாவு என்று ஒரு மாதமாக எல்லாம் தயார் செய்திருந்தேன், ஒரு இஞ்ச் டேப்பை எடுத்துக் கதவை மட்டும் அளக்கவில்லை. அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் தாங்கித்தான் அன்று அம்மாவை உள்ளே கொண்டு போனோம். வலியில் அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, திருச்சியில் எங்கள் தெருவிலேயே இன்னும் இரண்டு பேர் இதே ஆபரேஷனுக்குக் காத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் என்னிடம் கேட்பதெல்லாம் "எந்த டாக்டர், எந்த ஆஸ்பத்திரி" என்றுதான். அது முக்கியம்தான். ஆனால் சர்ஜனின் வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் நடந்ததுதான் அம்மாவை நடக்க வைத்தது. அந்த மூன்று மாதத்துக்காக நாங்கள் வாங்கிய சாமான், வாடகைக்கு எடுத்த மெஷின், வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட், இவற்றில் எது காசுக்குத் தகுந்தது என்பதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். விலை எல்லாம் நாங்கள் கொடுத்தது, உங்கள் ஊரில் முன்னே பின்னே இருக்கும்.

முதலில் ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு மாதம். அம்மாவுக்கு வயது 67. ஏழெட்டு வருஷமாக முட்டி வலி, எண்ணெய், கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கு சூப், முட்டிக்குள் ஊசி என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. சித்திரையிலேயே ஆபரேஷன் செய்துவிடலாம் என்று போனோம், டாக்டர் மூன்று மாதச் சராசரி சர்க்கரையை (HbA1c) பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். 8.9 இருந்தது. குறைத்துக்கொண்டு வாங்க, சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறாது, உள்ளே வைக்கிற மூட்டில் கிருமி சேர்ந்தால் மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும் என்றார். அம்மாவுக்கு வருத்தம்தான், எனக்கும் கோபம் வந்தது, ஆனால் அந்தத் தாமதம் எங்களுக்கு நல்லதாகவே முடிந்தது. அந்த நேரத்தில் சொத்தைப் பல்லைப் பிடுங்கினோம், குதிகால் பித்தவெடிப்புக்கு மருந்து போட்டு ஆற்றினோம், சிறுநீர்ப் பரிசோதனையில் இருந்த தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டு முடித்தோம். பல்லுக்கும் முட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று அம்மா கேட்டார். உடம்பில் எங்கே கிருமி இருந்தாலும் ரத்தத்தில் ஏறிப் புது மூட்டில் போய் உட்கார வாய்ப்பு உண்டு, அதுதான் சம்பந்தம். கால் முடியை வீட்டில் பிளேடு போட்டு மழிக்காதீர்கள் என்றும் சொன்னார்கள். சின்னக் கீறல்கூடக் கிருமிக்கு வழி.

அந்த இரண்டு மாதமும் காலை மாலை ஒரு சிறு பயிற்சி. படுத்துக்கொண்டு முட்டியைக் கட்டிலோடு அழுத்தித் தொடைச் சதையை ஐந்து எண்ணும்வரை இறுக்குவது, காலை நேராக ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குவது. இவ்வளவுதான். வலி இருக்கிறவர்கள் நடையைக் குறைத்துக் குறைத்துத் தொடைச் சதை வற்றிப்போயிருக்கும், ஆபரேஷனுக்குப் பிறகு அந்தச் சதை இன்னும் சோர்ந்து போகும், முன்னாலேயே கொஞ்சம் பலம் ஏற்றி வைத்தால் எழுந்து நிற்பது சுலபம். அம்மா முதல் வாரம் சலித்துக்கொண்டார், அப்புறம் காலையில் பக்திப் பாட்டு ஓடும்போது தானாகவே செய்ய ஆரம்பித்துவிட்டார். மொத்த செலவு பூஜ்யம். இந்தப் பட்டியலில் அதிகம் உதவிய இரண்டில் இது ஒன்று.

பில் பற்றி ஒரு விஷயம். முட்டி ஆபரேஷன் என்றால் தொடை எலும்பின் முனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்பக்கத்தையும் கொஞ்சம் சீவி, மேலே ஒரு உலோகத் தொப்பி, கீழே ஒரு உலோகத் தட்டு, நடுவே உறுதியான பிளாஸ்டிக் என்று வைத்து எலும்பு சிமெண்டால் ஒட்டுகிறார்கள். இந்தச் செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டிலேயே மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் உச்சவரம்பு வைத்துவிட்டது. பெரும்பாலானவர்களுக்கு வைக்கிற கோபால்ட் குரோமியம் மூட்டுக்கு அப்போது 54,720 ரூபாய், டைட்டானியம் வகைக்கு 76,600, வரி தனி. அதற்கு முன் இதே கோபால்ட் குரோமியம் சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அதன்பிறகு வரம்பு கொஞ்சம் மாறியிருக்கலாம், ஆனால் மூட்டின் விலை, கம்பெனி பெயர், பேட்ச் எண் மூன்றையும் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. "பேக்கேஜ்" என்று ஒரே தொகையாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள். மூட்டின் பெட்டியில் இருந்த ஸ்டிக்கரை ஃபைலில் ஒட்டிக் கொடுப்பார்கள், அதைப் பத்திரமாக வைத்திருங்கள், பத்து வருஷம் கழித்து ஏதாவது என்றால் எந்த அளவு, எந்த வகை வைத்தார்கள் என்று அதுதான் சொல்லும். கையில் காசு இல்லாதவர்கள் அரசு மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் பற்றி விசாரிக்காமல் கடன் வாங்கப் போகாதீர்கள்.

சரி, சாமான்களுக்கு வருகிறேன்.

வாக்கர் 1,450 ரூபாய், புத்தூர் பக்கத்து சர்ஜிக்கல் கடையில் வாங்கினோம். மடக்குகிற அலுமினிய வாக்கர், சக்கரம் இல்லாதது. ஆஸ்பத்திரியிலேயே ஒன்று தருகிறோம் என்றார்கள், விலை இரண்டு மடங்கு. கடைக்காரர் அம்மாவைக் கூட்டிவரச் சொல்லி, நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கைப்பிடி வரும்படி நான்கு காலையும் ஏற்றி இறக்கிப் பொருத்திக் கொடுத்தார். பிடித்து நிற்கும்போது முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் பார்சல் போட்டுத் தருகிற கடையில் வாங்காதீர்கள், ஆன்லைனில் வாங்கினால் இதை நீங்களே செய்ய வேண்டும். உயரம் தவறினால் தோளும் இடுப்பும் வலிக்கும், ஆள் கூன் போட்டு நடப்பார். அடியில் உள்ள ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று வாராவாரம் பாருங்கள், நாங்கள் ஒருமுறை மாற்றினோம், ஒன்று 30 ரூபாய். ஆறு வாரம் வாக்கர், அப்புறம் இரண்டு மாதம் கைத்தடி. தடியை ஆபரேஷன் ஆன காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும், பலர் அதே பக்கம் பிடிக்கிறார்கள். வாக்கருக்கு நான் முழு மார்க் போடுவேன். கதவை அளக்காதது என் தவறு, வாக்கரின் தவறு இல்லை.

பாத்ரூமில்தான் காசு இரண்டு முறை போனது. வெஸ்டர்ன் டாய்லெட் ஏற்கெனவே இருந்தது, அதனால் நிம்மதியாக இருந்துவிட்டோம். ஆனால் சாதாரண கமோடு தரையிலிருந்து 15, 16 அங்குலம்தான், முதல் இரண்டு வாரம் முட்டி 70, 80 டிகிரிக்கு மேல் மடங்காத ஒருவர் அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. கமோடுக்கு மேலே வைக்கிற உயரமான சீட் ஒன்று கிடைக்கிறது, 4 அங்குலம், 6 அங்குலம் என்று. முதலில் 1,100 ரூபாய்க்கு வெறுமனே மேலே உட்கார்த்தி வைக்கிற வகையை வாங்கினேன். இரண்டாம் நாள் அம்மா ஒரு பக்கம் சாய்ந்தபோது அது நகர்ந்துவிட்டது. நான் பக்கத்தில் நின்றதால் பிடித்துக்கொண்டேன், இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்கப் பயமாக இருக்கிறது. அன்றைக்கே அண்ணன் போய், இரு பக்கமும் கைப்பிடி வைத்து, அடியில் திருகு போட்டுக் கமோடோடு இறுக்குகிற வகையை 2,600 ரூபாய்க்கு வாங்கி வந்தான். விலை கூட என்று முதலில் அதை விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். சுவரில் பிடித்துக்கொள்ள இரண்டு கம்பி, பிளம்பரை வைத்துத் துளை போட்டு போல்ட் அடித்தோம், கம்பியும் கூலியும் சேர்த்து 1,800. ரப்பர் உறிஞ்சியால் டைல்ஸில் ஒட்டுகிற கைப்பிடிகளை நம்ப வேண்டாம், ஈரத்தில் எப்போது கழன்று வரும் என்று தெரியாது. குளிக்க உயரமான பிளாஸ்டிக் ஸ்டூல், கைப்பிடி உள்ளது. பாத்ரூம் தரைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு அங்குல மேடு இருக்குமே, அதில் சிவப்பு டேப் ஒட்டினோம், அப்பாவின் யோசனை அது.

கட்டில் விஷயத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலை மாத வாடகைக்கு எடுக்கச் சொன்னார்கள் தெரிந்தவர்கள். எடுக்கவில்லை. தச்சரைக் கூப்பிட்டு வீட்டுக் கட்டிலின் நான்கு காலுக்கும் குழி வைத்த மரக்கட்டை செய்து 4 அங்குலம் உயர்த்தினோம், 800 ரூபாய், இன்றும் அப்படியேதான் இருக்கிறது. நாற்காலிக்கும் அதே கணக்கு. உட்காரும் இடம் முட்டி மடிப்பை விடக் கொஞ்சம் உயரமாக, கெட்டியாக, கைப்பிடியோடு இருக்க வேண்டும். சோபாவும் நைலான் பின்னிய நாற்காலியும் ஆளை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இப்போது நான் மிகவும் வருத்தப்படுகிற செலவு, சி.பி.எம். மெஷின். காலை அதில் வைத்துக் கட்டினால் மோட்டார் தானாக முட்டியை மடக்கி நீட்டும். ஆஸ்பத்திரியில் பக்கத்து அறைப் பாட்டிக்கு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் சர்ஜன் தேவையில்லை என்று தெளிவாகச் சொல்லியும், அம்மாவுக்கு எதையும் குறை வைத்துவிடக் கூடாது என்ற பதற்றத்தில் நானே வாடகைக்கு எடுத்தேன். நாளுக்கு 500, பத்து நாள் முன்பணம், 5,000 டெபாசிட். கொண்டுவந்து வைத்த பையன் பட்டனைக் காட்டிவிட்டு ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். அம்மா உயரம் குறைவு, மெஷினின் மூட்டும் அம்மாவின் மூட்டும் ஒரே இடத்தில் வரவில்லை, ஓட ஓடக் கால் நழுவிக் கீழே வந்தது. திரையில் 90 டிகிரி என்று காட்டியதைப் பார்த்து நாங்கள் சந்தோஷப்பட்டோம். நான்காம் நாள் பிசியோ தம்பி வந்து அளவுகோலை வைத்துப் பார்த்தால், மெஷின் 90 காட்டும்போது முட்டி உண்மையில் 72ல் நிற்கிறது. மீதி எல்லாம் இடுப்பும் பாதமும் நகர்ந்த கணக்கு. பிறகுதான் தேடிப் படித்தேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2014ல் இந்த மெஷினைப் பற்றிய 24 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்திருக்கிறது, மெஷின் போட்டவர்களுக்கு முட்டி கூடுதலாக மடங்கியது சராசரியாக 2 டிகிரிதான். டாக்டர் உங்கள் காலுக்கென்று எழுதிக் கொடுத்தால் அது வேறு. நீங்களாக எடுக்காதீர்கள். ஐந்தாம் நாளே திருப்பிக் கொடுத்தும் மீதி நாள் வாடகை வரவில்லை, டெபாசிட்டை வாங்க மூன்று வாரம் போன் செய்ய வேண்டியிருந்தது. எதை வாடகைக்கு எடுத்தாலும் திருப்புகிற தேதி, டெபாசிட் எத்தனை நாளில் வரும் என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

பிசியோ பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஒன்றில்தான் எல்லாம் இருக்கிறது.

முதல் மூன்று நாள் வீட்டுச் சேவை நிறுவனம் ஒன்றின் மூலம் ஆள் வந்தார்கள், ஒரு முறைக்கு 800. மூன்று நாளும் மூன்று வேறு ஆட்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முட்டியைச் சுற்றி ஒட்டுப் போட்டு லேசான கரண்ட் வைக்கிற மெஷினை இருபது நிமிஷம் ஓடவிடுவார்கள், அதுவரை போனைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள், கடைசியில் நாலு முறை காலைத் தூக்கச் சொல்வார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருவர்கூட மடங்குகிற அளவை எழுதி வைக்கவில்லை. அம்மாவுக்கு அந்த மெஷின் இதமாக இருந்தது, அதனால் நல்லவர்கள் என்றே நினைத்தார். ஆனால் இதமாக இருப்பதும் கால் தேறுவதும் ஒன்றில்லை, அந்த மூன்று நாள் முட்டி இறுகிப்போனதுதான் மிச்சம்.

நான்காம் நாள், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் சொல்லி இந்தத் தம்பி வந்தார். முப்பது வயது இருக்கும், பைக்கில் ஒரு துணிப்பை, உள்ளே கோணம் அளக்கிற பிளாஸ்டிக் அளவுகோல், ஒரு பழைய துண்டு, ரப்பர் பட்டை, அவ்வளவுதான். அம்மாவின் முட்டியைப் பார்ப்பதற்கு முன் வீட்டைப் பார்த்தார். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தானே நடந்து பார்த்துவிட்டு மிதியடி இரண்டையும் சுருட்டி ஓரமாக வைக்கச் சொன்னார், ஃபேன் ஒயர் குறுக்கே போனதை நகர்த்தினார். பாத்ரூம் கதவுக்கு வழி சொன்னவரும் அவர்தான்: வாக்கரைப் பக்கவாட்டில் திருப்பி முதலில் அதை உள்ளே விட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கத்தில் அடி வைத்து நுழைய வேண்டும். நாலு முறை பழக்கினார். அதன்பிறகு அம்மாவை யாரும் தாங்க வேண்டியிருக்கவில்லை.

அப்புறம் முட்டிக்கு அடியில் நான் வைத்திருந்த தலையணையைப் பார்த்தார். வலிக்கு இதமாக இருக்கும் என்று இரவெல்லாம் அதை வைத்திருந்தேன். "தலையணையை எடுத்துடலாம்மா, இது இருந்தா கால் நேரா நீளவே நீளாது" என்று எடுத்துவிட்டு, துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்தார். முட்டி அந்தரத்தில் தொங்குகிறது, தன் பாரத்தில் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால முடியலப்பா தம்பி, விட்டுடு" என்றார். அவர் அவசரப்படுத்தவில்லை, மூன்று நிமிஷம் போதும் இன்றைக்கு, நாளைக்கு ஐந்து என்றார். எல்லாரும் முட்டி எவ்வளவு மடங்குகிறது என்று மட்டும் கேட்பார்கள், முதலில் நீள வேண்டும், முழுதாக நீளாவிட்டால் வாழ்நாள் முழுக்கக் கால் வளைந்து நொண்டி நடக்க வேண்டியிருக்கும் என்று அப்பாவுக்கும் எனக்கும் புரிய வைத்தார். அன்று நீட்டலில் 12 டிகிரி குறை, மடக்கம் 72. ஒரு நாற்பது பக்க நோட்டு கேட்டு வாங்கித் தேதி போட்டு எழுதினார்.

அவர் கொடுத்த பயிற்சிகளில் புதுமை எதுவும் கிடையாது. மணிக்கொரு முறை பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது, ரத்தம் கட்டாமல் இருக்க. தொடைச் சதையை இறுக்குவது. குதிகாலைப் படுக்கையில் தேய்த்தபடி பின்னால் இழுத்து முட்டியை மடக்குவது, இதற்குக் கால் வழுக்க வேண்டும் என்று பீரோவிலிருந்து ஒரு பழைய சாரதாஸ் ஜவுளிக்கடைக் கவரை எடுத்துக் குதிகாலில் மாட்டிவிட்டார், விரிப்பில் அது அப்படியே வழுக்கிக்கொண்டு போனது. அந்தக் கவர் இரண்டு மாதம் அம்மாவின் தலைமாட்டில் இருந்தது, 5,000 ரூபாய் மெஷினை விட அது அதிகம் உதவியது என்று மனதாரச் சொல்வேன். நாற்காலியில் உட்கார்ந்து நல்ல காலால் ஆபரேஷன் காலைப் பின்னால் தள்ளுவது. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாக்கரோ தடியோ முதலில், அடுத்து ஆபரேஷன் கால். வாசல் படியிலேயே தினம் பத்து முறை.

வலி மாத்திரையை எப்போது போடுவது என்பதையும் அவர்தான் ஒழுங்கு செய்தார். அவர் வருவது காலை பத்து மணி, டாக்டரிடம் கேட்டுவிட்டு மாத்திரையை ஒன்பதேகாலுக்கு மாற்றினோம். வலி குறைந்திருக்கும் நேரத்தில் பயிற்சி செய்தால் நாலு டிகிரி கூடுதலாக மடங்குகிறது. டிராமடால் கலந்த மாத்திரை சாப்பிட்ட நாட்களில் மலச்சிக்கல் கடுமையாக இருந்தது, அதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர் எல்லாம் கொடுத்தும் போதாமல் டாக்டரிடம் சிரப் எழுதி வாங்கினோம். முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்கிவிடுங்கள்.

பதினான்காம் நாள் ஸ்டேபிளர் பின்களை எடுத்தபோது மடக்கம் 84. மூன்றாம் வாரம் 88ல் போய் நின்றுவிட்டது. நின்றது என்றால் ஆறு நாள் அசையவில்லை. அந்த வாரம்தான் எங்கள் வீட்டில் மோசமான வாரம். இரவில் தூக்கம் இல்லை, அம்மா இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார், "எதுக்கு இந்த ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்" என்று நூறு முறை சொல்லியிருப்பார். தொடையிலிருந்து கணுக்கால் வரை நீலமும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது. தம்பி அந்த வாரம் பயிற்சியைக் கூட்டாமல் பாதியாகக் குறைத்தார், வீக்கம் இருக்கும்போது போட்டு மடக்கினால் இன்னும் வீங்கும், இரண்டு நாள் ஐஸ் வைத்துக் காலை உயர்த்திப் படுக்கட்டும் என்றார். வீக்கம் வடிந்ததும் தானாகவே 93 வந்தது. கத்தக் கத்த வலுவாக மடக்கிவிடுகிறவர்தான் நல்ல பிசியோ என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது, எனக்கும் இருந்தது. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர் கிடைத்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆறாவது வாரம் 106, நீட்டலில் குறை 3. மூன்றாம் மாதம் 118, கால் முழுதாக நீண்டது. சமதளத்தில் நடக்க 70 டிகிரி போதும், படிக்கு 90 பக்கம் வேண்டும், நாற்காலியிலிருந்து சிரமமில்லாமல் எழ 100 தாண்ட வேண்டும், அந்தக் கணக்கில் பார்த்தால் அம்மாவுக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது.

முதல் இரண்டு வாரம் ஞாயிறு தவிர தினமும், அப்புறம் நாலு வாரம் வாரத்துக்கு மூன்று நாள், மொத்தம் 24 முறை, ஒரு முறைக்கு 600 வீதம் 14,400 ரூபாய். சாமான் எல்லாம் சேர்த்து ஆனதை விட அதிகம்தான். ஆனாலும் மறுபடி இந்த நிலை வந்தால் முதலில் ஒதுக்கி வைப்பது இந்தப் பணத்தைத்தான். அவர் பெயரை இங்கே போடவில்லை. உங்கள் ஊரில் தேடும்போது பி.பி.டி. (பிசியோதெரபி பட்டம்) படித்தவரா, மூட்டு மாற்றியவர்களைப் பார்த்த பழக்கம் உண்டா, தினமும் ஒரே ஆள் வருவாரா, அளந்து எழுதுவாரா, இதைக் கேளுங்கள். அவர் இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியதைச் சொல்லிக்கொடுக்காதவரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வருகிறவர் இருப்பது முக்கால் மணி நேரம், மீதி நாள் முழுக்க நாம்தான்.

ஜெல் ஐஸ் பேக் இரண்டு, ஒன்று 350. ஒன்று காலில் இருக்கும்போது இன்னொன்று ஃப்ரீசரில். திருச்சி ஜூன் வெயிலில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. மெல்லிய துணி சுற்றி 15, 20 நிமிஷம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை, வெறும் தோலில் வைக்கக் கூடாது. கட்டாயம் வாங்குங்கள். முட்டியை அசையாமல் பிடிக்கிற நீளமான பெல்ட் ஆஸ்பத்திரியில் போட்டு அனுப்பியதே போதுமாக இருந்தது, காலைத் தானாகத் தூக்க வந்ததும் கழற்றிவிட்டார்கள். முட்டிக்கு மாட்டுகிற உறை ஒன்றைக் கடையில் சொன்னார்கள் என்று வாங்கினேன், தம்பி அதைத் தொடவே விடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மருந்தை எத்தனை நாள் எழுதியிருந்தார்களோ அத்தனை நாளும் ஒன்று விடாமல் கொடுத்தோம், அதில் விளையாட வேண்டாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கிக் கல் மாதிரி ஆனாலோ, மூச்சு வாங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையல் பக்கம் நீர் கசிந்தாலோ காலை வரை காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம் எங்களைப் பயமுறுத்தின, பயப்படத் தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஒன்று, வடுவுக்கு வெளிப்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருக்கும், தோலுக்கு அடியில் ஓடுகிற சின்ன நரம்பு வெட்டுப்படுவதால். கொஞ்சம் சுருங்கியிருக்கிறது, இன்னும் முழுதாகப் போகவில்லை. இரண்டு, முட்டி பல மாதம் தொட்டால் சூடாக இருக்கும், நடக்கும்போது டக் டக் என்று சத்தம் வரும். டாக்டரிடம் காட்டினோம், காய்ச்சலும் சிவப்பும் இல்லாதவரை பரவாயில்லை என்றார்.

இப்போது மார்கழி. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் கோலம் போடுகிறார். தரையில் சம்மணமிட்டு உட்காரக் கூடாது, குத்த வைக்கக் கூடாது என்று சொன்னபோது முதலில் அவர் கேட்டது கோலத்தைப் பற்றித்தான். கோலம் குனிந்துதானே போடுகிறோம், இடுப்பை வளைத்துப் போடுங்க, முட்டிக்கு ஒன்றும் ஆகாது என்று தம்பி சொன்னார். பந்தியில் உட்கார முடியாது, கோவிலில் பிரகாரத்தில் உட்கார நாற்காலி தேட வேண்டும், மலைக்கோட்டைப் படி இனி கிடையாது, கீழே மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுக்கொள்கிறார்.

இடது காலுக்குத் தை பிறந்ததும் நாள் பார்த்திருக்கிறோம். அதே சர்ஜன், அதே பிசியோ தம்பி. கமோடு சீட், கம்பி, கட்டில் கட்டை எல்லாம் அப்படியே இருக்கிறது, வாக்கருக்கு ரப்பர் மட்டும் புதிதாகப் போட்டேன். சர்க்கரை இப்போது 7.1. அம்மா இடது காலுக்கான பயிற்சியைக் கார்த்திகையிலேயே ஆரம்பித்துவிட்டார். பாத்ரூம் கதவைப் பெயர்த்து இரண்டரை அடியாக்கச் சொல்லியிருக்கிறேன், கொத்தனார் வெள்ளிக்கிழமை வருகிறார்.